பச்சை மூடியின் மகிமை

மோட்டார் வண்டிகளின் டயர்களில் சாதாரணக் காற்றுக்குப் பதிலாக நைட்ரஜன் வாயுவை நிரப்பும் வழக்கம் பட்டணங்களைத் தாண்டிச் சிற்றூர்களின் டயர்க் கடைகள் வரையில் பரவிவிட்டது. பெட்ரோல் பங்குகளில் இதற்கென்று தனி யந்திரம் வைத்திருக்கிறார்கள். வாயு நிரப்பியதற்கு அடையாளமாக வால்வின் மேல் பச்சை நிற மூடி ஒன்றைத் திருகிவிடுகிறார்கள். பச்சை மூடி போட்ட வண்டிக்காரர், தம் டயர் வெடிக்காது, தேயாது, சூடேறாது, பெட்ரோலும் மிச்சமாகும் என்று நம்பிக்கொண்டு நெடுஞ்சாலையில் பறக்கிறார். பத்து ரூபாய், இருபது ரூபாய் சமாசாரத்தை விசாரிப்பதுதான் ஒரு தினசரியின் வேலையா என்று சிலர் கேட்கக்கூடும். டயர் வெடித்து வண்டி கவிழ்ந்து குடும்பத்தோடு மாண்டவர்களின் செய்தியை அடிக்கடி பிரசுரிக்க நேரும் நமக்கு இது அற்ப விஷயமாகத் தோன்றவில்லை. வண்டிக்காரர் எதை நம்பி வேகமாகப் போகிறாரோ, அது நம்பத் தகுந்ததுதானா என்று கேட்டே தீரவேண்டும்.

காற்று என்பது என்ன? ஈரத்தை நீக்கிவிட்டுப் பார்த்தால், நாம் சுவாசிக்கும் காற்றில் நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன்தான். 21 பங்கு பிராணவாயு. எஞ்சியதில் பெரும்பாகம் ஆர்கான் என்னும் வாயு. 1772-ல் டேனியல் ரூதர்போர்டு என்ற ஸ்காட்லாந்து ரசாயனி நைட்ரஜனை வேறு பிரித்துக் கண்டார். அதில் உயிர்கள் பிழைத்திராமையால் பிரெஞ்சு ரசாயனி லவாய்சியே அதற்கு உயிரற்றது என்ற பொருளில் ஒரு பெயரும் கொடுத்தார். டன்லப் 1888-ல் காற்றடைத்த டயருக்குப் பேடண்டு பெற்ற நாள் முதல் உலகத்தில் ஓடிய ஒவ்வொரு டயரிலும் ஐந்தில் நான்கு பங்குக்குச் சற்றே குறைவாக நைட்ரஜன்தான் இருந்துவந்திருக்கிறது. ஆகவே, "காற்றா, நைட்ரஜனா?" என்று கேட்பதே சரியான கேள்வி அன்று. டயருக்குள் இருக்கும் ஐந்தில் ஒரு பங்கு பிராணவாயுவையும் கொஞ்சம் ஈரத்தையும் வெளியேற்றினால் என்ன லாபம் என்பதே கேள்வி.

கடையில் நிற்கும் யந்திரமும் நைட்ரஜனை எங்கிருந்தோ வரவழைப்பதில்லை. அந்தத் தெருவின் காற்றையே உள்ளே இழுத்து அழுத்தி, மெல்லிய இழைக் குழாய்களின் வழியாகவோ, நுண்துளைகள் நிறைந்த கரித்தூளின் வழியாகவோ செலுத்திப் பிராணவாயுவைப் பிரித்துத் தள்ளிவிடுகிறது. மீந்ததை நமக்கு விற்கிறார்கள். இதில் மோசடி ஒன்றும் இல்லை. பிரித்தெடுக்கச் செலவு உண்டு, அதற்குக் கூலி கேட்பது நியாயம். கூலிக்குத் தக்க பலன் கிடைக்கிறதா என்று பார்ப்பதும் அதே அளவு நியாயம்.

வியாபாரிகள் முதல் சாட்சியாகக் கூப்பிடுவது ஆகாய விமானத்தை. "விமானத்தின் டயரிலேயே நைட்ரஜன்தானே அடைக்கிறார்கள்?" என்கிறார்கள். உண்மைதான். ஏன் அடைக்கிறார்கள் என்பதைச் சொல்வதில்லை. அதை நாம் சொல்கிறோம்.

1986-ம் ஆண்டு மார்ச் 31-ந் தேதி, மெக்ஸிகோ நகரிலிருந்து லாஸ் ஏஞ்சலிஸுக்குப் புறப்பட்ட மெக்ஸிகானா கம்பெனியின் போயிங் 727 விமானம் ஒன்று, கிளம்பிய கால் மணி நேரத்தில் மலையில் விழுந்து நொறுங்கிற்று. அதில் இருந்த 167 பேரும் மாண்டனர். விசாரித்ததில், புறப்படும்போதே ஒரு சக்கரத்தின் பிரேக் சரியாக விடுபடாமல் உரசிக்கொண்டிருந்தது என்றும், அதனால் சக்கரம் அளவுகடந்து சூடேறியது என்றும், சக்கரத்தை உள்ளே மடக்கிக்கொண்ட பிறகு டயர் வெடித்து எண்ணெய்க் குழாய்களையும் மின்சாரக் கம்பிகளையும் அறுத்துவிட்டது என்றும் தெரியவந்தது. அந்த டயரில் நைட்ரஜனுக்குப் பதிலாகச் சாதாரணக் காற்றை அடைத்திருந்தார்கள். மிதமிஞ்சிய உஷ்ணத்தில் டயரின் உட்புற ரப்பரிலிருந்து எரியக்கூடிய ஆவி கிளம்புகிறது. அருகில் பிராணவாயுவும் இருந்தால், தீக்குச்சி கிழிக்காமலே அது பற்றிக்கொள்ளும். டயர் குண்டாகிவிடும். மறு வருஷம், 1987-ல், அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் பெரிய பிரயாணி விமானங்களின் பிரேக் உள்ள சக்கரங்களில் நைட்ரஜனையே அடைக்கவேண்டுமென்று உத்தரவிட்டது. 75,000 பவுண்டுக்கு மேற்பட்ட எடையுள்ள விமானங்களின் டயரில் பிராணவாயு நூற்றுக்கு 5 பங்கைத் தாண்டக்கூடாது என்பது இன்றைய விதி.

விமானத்திற்கு இன்னொரு காரணமும் உண்டு. பூமியை விட்டு 10 கிலோமீட்டர் உயரத்தில், உறைநிலைக்குக் கீழே 50 டிகிரி குளிரில் அது பறக்கிறது. டயருக்குள் ஈரம் இருந்தால் உறைந்து கட்டியாகும். அந்த டயரில் அடைக்கும் அழுத்தம் 200 பவுண்டு அளவில் இருக்கும். நம் காருக்கோ 33 பவுண்டு போதும். விமானச் சக்கரம் இத்தனை டன் பாரத்தோடு மணிக்கு 250 கிலோமீட்டர் வேகத்தில் தரையைத் தொட்டு, அந்த வேகம் முழுவதையும் பிரேக்கில் உஷ்ணமாக மாற்றிக்கொள்ள வேண்டும். தாம்பரத்திலிருந்து திண்டிவனம் போகிற வண்டிக்கு இவற்றில் எது பொருந்துகிறது? விமானத்திற்குச் சட்டம் விதித்தது தீ விபத்தைத் தடுப்பதற்காக. அதைக் கொண்டுவந்து கார்க்காரரிடம் டயர்த் தேய்மானத்திற்கும் பெட்ரோல் சிக்கனத்திற்கும் சாட்சியாக நிறுத்துவது, ஒரு வழக்கின் தீர்ப்பை வேறொரு வழக்கில் காட்டி டிக்ரி கேட்பதைப் போன்றது.

நிற்க. நைட்ரஜனுக்குச் சாதகமான சாட்சியமே இல்லையென்று நாம் சொல்லவில்லை. ஒன்று இருக்கிறது, அது உண்மையானது. ரப்பர் பார்வைக்குக் கெட்டியாகத் தோன்றினாலும், அதன் வழியாக வாயுக்கள் மெள்ள மெள்ளக் கசிந்துகொண்டே இருக்கும். பஞ்சர் இல்லாத நல்ல டயரிலும் மாதத்திற்கு ஒரு பவுண்டு அளவில் அழுத்தம் குறைவது சகஜம். இப்படிக் கசிவதில் பிராணவாயு முந்திக்கொள்கிறது. நைட்ரஜன் நிதானமாகவே வெளியேறுகிறது. ஆகையால் நைட்ரஜன் நிரப்பிய டயர் அழுத்தத்தைக் கொஞ்சம் அதிக நாள் காப்பாற்றும்.

எவ்வளவு அதிகம்? அமெரிக்காவில் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் என்ற பத்திரிகை 2006 செப்டம்பரில் தொடங்கி ஒரு வருஷம் இதைப் பரீட்சை செய்தது. 31 மாதிரி டயர்களை ஜோடி ஜோடியாக எடுத்து, ஒன்றில் காற்றும் மற்றொன்றில் நைட்ரஜனும் 30 பவுண்டு வரை நிரப்பி, வெட்டவெளியில் வைத்தார்கள். வருஷ முடிவில் காற்று நிரப்பியவை சராசரி 3.5 பவுண்டு இழந்திருந்தன. நைட்ரஜன் நிரப்பியவை 2.2 பவுண்டு இழந்திருந்தன. வித்தியாசம் 1.3 பவுண்டு, அதுவும் வருஷம் முழுவதும் ஒரு தடவைகூட டயரைக் கவனிக்காமல் விட்டிருந்தால்! மாதம் ஒரு முறை காற்றைச் சரிபார்க்கிறவருக்கு இந்த வித்தியாசம் இருப்பதே தெரியாது. அமெரிக்க சர்க்காரின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு இலாகா 2009-ல் வெளியிட்ட ஆராய்ச்சியும் இதையொட்டியே அமைந்திருக்கிறது: கசிவு குறைகிறது, ஆனால் டயர் உருளும்போது ஏற்படும் தடை நைட்ரஜனால் நேரடியாகக் குறைவதில்லை.

பெட்ரோல் சிக்கனம் என்ற பேச்சை இத்தோடு சேர்த்து அளந்துவிடலாம். டயர்களின் அழுத்தம் சராசரி ஒரு பவுண்டு குறைந்தால் பெட்ரோல் செலவில் நூற்றுக்கு 0.2 பங்கு வீணாகும் என்பது அமெரிக்க சர்க்காரின் கணக்கு. வருஷத்திற்கு 12,000 கிலோமீட்டர் ஓடி, லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தருகிற கார் 800 லிட்டர் பெட்ரோல் குடிக்கும். வருஷ முடிவில் 1.3 பவுண்டு வித்தியாசம் என்றால், வருஷச் சராசரி அதில் பாதி. கணக்குப் போட்டுப் பார்த்தால் மிச்சம் ஏறக்குறைய ஒரு லிட்டர் வருகிறது. நைட்ரஜன் காற்றைவிட எடை குறைந்தது என்றும் சிலர் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள். வாஸ்தவந்தான், ஒரு கார் டயருக்கு 3 கிராம் அளவில் குறையும். வண்டிக்காரர் சட்டைப் பையிலிருக்கும் பேனாவை வீட்டில் வைத்துவிட்டு வந்தால் அதைவிட அதிகம் குறைத்துவிடலாம்.

இனி உஷ்ணத்திற்கு வருவோம். வெயிலில் காற்று விரிந்து டயர் வெடித்துவிடும், நைட்ரஜன் விரியாது என்பதுதான் எங்கும் கேட்கிற வாதம். இதுவே மிகவும் தவறானதும் ஆகும். அடைத்துவைத்த வாயுவைச் சூடாக்கினால் அதன் அழுத்தம் எவ்வளவு ஏறும் என்பது உயர்தரப் பள்ளி மாணவர்கள் படிக்கும் பாடம். டயரில் இருக்கும் அழுத்தத்திற்கு அந்த விதி காற்றுக்கும் நைட்ரஜனுக்கும் ஒன்றேதான். காலையில் 27 டிகிரியில் 33 பவுண்டு நிரப்பிய டயர், நண்பகலில் ஓடிச் சூடேறி உள்ளே 67 டிகிரியை அடைந்தால் 39 பவுண்டுக்குச் சற்று மேல் காட்டும். உலர்ந்த காற்றை நிரப்பினாலும் அதே 39. நைட்ரஜனை நிரப்பினாலும் அதே 39. பச்சை மூடி போட்டதற்காக இயற்கை யாருக்கும் சலுகை காட்டுவதில்லை.

'உலர்ந்த' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். கம்ப்ரஸர் தொட்டியில் தண்ணீர் தேங்கி, அது காற்றோடு கலந்து டயருக்குள் துளியாகப் போய்விட்டால், சூடேறும்போது ஆவியாகித் தன் பங்குக்கு அழுத்தத்தைக் கூட்டும். மேலே சொன்ன 67 டிகிரியில் அது மூன்று பவுண்டுக்கு மேலும் இருக்கலாம். பந்தயக் கார்க்காரர்கள் அரைப் பவுண்டு வித்தியாசத்தையும் எண்ணிப் பார்க்கிறவர்கள். ஈரத்திற்கு அவர்கள் அஞ்சுவதில் அர்த்தம் உண்டு. மழைக்காலத்தில் நம் கடற்கரைப் பட்டணங்களில் கம்ப்ரஸர் தொட்டியின் அடியில் செம்பு செம்பாகத் தண்ணீர் இறங்கும். அதை நாள்தோறும் திறந்துவிடாத கடைகள் பல. இதற்குப் பரிகாரம் தொட்டியின் அடிக் குழாயைத் திருகுவது. அதற்கு இரண்டு நிமிஷம் போதும்.

அப்படியே நைட்ரஜன் நல்லது என்று ஒப்புக்கொண்டு பணம் கொடுக்கிறவருக்கு உண்மையில் கிடைப்பது என்ன? இதையும் கணக்குப் போட்டே பார்த்துவிடுவோம். டயரிலுள்ள காற்று முழுவதையும் வெளியே விட்டாலும், உள்ளே வெற்றிடம் ஏற்பட்டுவிடாது. வெளிக்காற்றின் அழுத்தமாகிய 14.7 பவுண்டு அளவுக்குச் சாதாரணக் காற்று எஞ்சியே இருக்கும். அதன் மேல் சுத்தமான நைட்ரஜனை 33 பவுண்டு அடைத்தால், உள்ளே பிராணவாயு நூற்றுக்கு ஆறரைப் பங்கு நிற்கும். கடை யந்திரம் தருவது முழுச் சுத்தமாக இராதாகையால் இன்னும் கொஞ்சம் கூடவே இருக்கும். ஐந்து பங்குக்குக் கீழே கொண்டுவர வேண்டுமானால் நிரப்பி, வெளியேற்றி, மறுபடி நிரப்ப வேண்டும். பொறுமையாக இதைச் செய்கிற கடைக்காரர்கள் இருக்கிறார்கள். அவர்களை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் நாம் கண்ணால் பார்த்த ஒரு கடையில், 28 பவுண்டு காற்றோடு வந்த டயரை இறக்காமலே, மேலே 5 பவுண்டு நைட்ரஜனை ஏற்றி, பச்சை மூடியைத் திருகிக் காசு வாங்கிக்கொண்டார்கள். அந்த டயரில் பிராணவாயு 21 பங்கிலிருந்து 19 பங்குக்கு இறங்கியிருக்கும். அவ்வளவுதான். மூடியின் நிறம் மட்டும் முழுவதும் மாறிவிட்டது. வாங்குகிறவர் உள்ளே இருப்பதைப் பரீட்சிக்க வழியில்லாத சரக்கு இது. பாலில் தண்ணீர் கலந்தால் நாக்குக்காவது தெரியும்.

யாருக்குமே பயன் இல்லையா? உண்டு. பிராணவாயு உள்ளிருந்தபடியே ரப்பரை நாளடைவில் கெட்டிப்படுத்திப் பலவீனமாக்குகிறது. எஃகுக் கம்பிகள் துருப்பிடிக்க ஈரம் துணைசெய்கிறது. ஒரே டயரை மேல்தோல் தேய்ந்ததும் ரீட்ரெட் செய்து, மீண்டும் ஓட்டி, மறுபடியும் ரீட்ரெட் செய்கிற லாரிக்காரருக்கு டயரின் உள்கட்டு உறுதியாக இருப்பது பணம். நாமக்கல் லாரி முதலாளி ஒருவர் கணக்குப் பார்த்து நைட்ரஜன் போடுகிறார் என்றால் அதைப் பேதைமை என்று சொல்லமாட்டோம். பல மாதம் கொட்டகையிலேயே நிற்கும் வண்டிக்கும், யாரும் திரும்பிப் பாராத ஸ்டெப்னிக்கும் அது உதவலாம். நாலைந்து வருஷத்தில் தேய்ந்து மாற்றப்படும் கார் டயருக்கு இந்த லாபம் கைக்கு எட்டுமுன்பே டயரின் ஆயுள் முடிந்துவிடும்.

இவ்வளவு விரிவாக நாம் எழுதுவதற்கு இன்னொரு முகாந்தரம் இருக்கிறது. 2019 ஜூலையில் மத்திய சாலைப் போக்குவரத்து மந்திரி நிதின் கட்கரி ராஜ்ய சபையில் பேசுகையில், டயர் ரப்பரில் சிலிக்கான் சேர்ப்பதையும், சாதாரணக் காற்றுக்குப் பதிலாக நைட்ரஜன் நிரப்புவதையும் கட்டாயமாக்குவது பற்றிச் சர்க்கார் யோசித்து வருவதாகத் தெரிவித்தார். யமுனா எக்ஸ்பிரஸ் சாலையின் விபத்துகளை ஒட்டி எழுந்த பேச்சு அது. கிரேட்டர் நோய்டாவிலிருந்து ஆக்ரா வரை 165 கிலோமீட்டர் நீளத்திற்கு 2012-ல் திறக்கப்பட்ட அந்தக் கான்கிரீட் சாலையில் டயர் வெடித்து நேர்ந்த சாவுகள் பல. மந்திரியின் கவலை நியாயமானது. அந்த நோய்க்கு அவர் கருதிய மருந்தைத்தான் நாம் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

டயர் ஏன் வெடிக்கிறது? பெரும்பாலோர் நினைப்பது போல் அழுத்தம் அதிகமாகி அன்று; குறைந்துதான். அழுத்தம் குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி மடங்கி நிமிர்கிறது. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் நிமிஷத்திற்கு 800 தடவைக்கு மேல் சுற்றுகிறது. அத்தனை தடவையும் ரப்பர் கசங்குகிறது. கசங்கக் கசங்கச் சூடு ஏறுகிறது. சூடு ஏற ஏற ரப்பரும் கம்பி அடுக்குகளும் ஒன்றைவிட்டு ஒன்று பிரிகின்றன. வண்டியில் பாரம் மிகுதியாக இருந்தால், டயர் பழையதாக இருந்தால், நிற்காமல் மூன்று மணி நேரம் ஓட்டினால், முடிவு சீக்கிரம் வருகிறது. இவற்றில் எதையும் உள்ளே இருக்கும் வாயுவின் ஜாதி தடுப்பதில்லை. 26 பவுண்டு நைட்ரஜனோடு ஓடுகிற டயர், 33 பவுண்டு சாதாரணக் காற்றோடு ஓடுகிற டயரைவிட அபாயமானது. சட்டத்தினால் நைட்ரஜனைக் கட்டாயமாக்கினால், வாடகைக் கார் ஓட்டிப் பிழைக்கிறவன் மாதாமாதம் ஒரு தண்டம் கட்டுவான். டயர் வெடிப்பது வெடித்துக்கொண்டேதான் இருக்கும்.

சர்க்கார் கட்டாயப்படுத்தத் தகுந்தவை வேறு இருக்கின்றன. பெட்ரோல் பங்குகளில் காற்று இலவசமாகக் கிடைக்கவேண்டும் என்பது எண்ணெய்க் கம்பெனிகளின் விதி. எத்தனை பங்குகளில் அந்தக் குழாய் வேலை செய்கிறது? வேலை செய்கிற இடத்திலும், அழுத்தம் காட்டும் மானி சரியாகக் காட்டுகிறதா? ஒரே டயருக்கு ஒரு பங்கில் 30 என்றும் அடுத்த பங்கில் 35 என்றும் காட்டினால் வண்டிக்காரர் எதை நம்புவார்? அரிசிக் கடைக்காரரின் தராசைப் பரிசோதித்து முத்திரை போடும் இலாகா, மனித உயிரை நிறுக்கும் இந்த மானிகளையும் அதே கண்டிப்போடு பார்க்கலாம். விரைவுச் சாலைகளின் சுங்கச்சாவடிகளில் காசு வாங்க இத்தனை பேர் இருக்கும்போது, மேல்தோல் வழுக்கையாகிப்போன டயரோடு வரும் வண்டியை நிறுத்த ஒருவர் இருக்கக்கூடாதா? பாரம் மீறிய லாரிக்கு அபராதம் விதித்து, அதே பாரத்தோடு மேலே போக விடுவதில் என்ன பாதுகாப்பு இருக்கிறது?

நம் நேயர்கள் செய்யக்கூடியதும் உண்டு. ஓட்டுகிறவர் பக்கத்துக் கதவைத் திறந்தால், கதவு நிலையில் ஒட்டியிருக்கும் சீட்டில் அந்த வண்டிக்கு எத்தனை பவுண்டு என்று போட்டிருக்கும். டயரின் மேலேயே அச்சிட்டிருக்கும் எண் அதன் உச்சவரம்பு, அது வேறு. சீட்டில் கண்டபடி, வண்டி ஓடிச் சூடேறுமுன் காலையில் பார்த்து நிரப்ப வேண்டும். ஓடிய டயர் சூட்டில் அதிகம் காட்டுகிறதே என்று நடுவழியில் காற்றை இறக்குகிறவர், ஆறியபின் குறைந்த அழுத்தத்தில் ஓட்டப் போகிறார் என்று அர்த்தம். டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்கம் ஒன்று இருக்கும். 2319 என்றிருந்தால் அது 2019-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்த டயர். பழைய வண்டி வாங்குகிறவர்கள் என்ஜினைத் திறந்து பார்ப்பதற்கு முன் இதைக் குனிந்து பார்க்கட்டும்.

முன்பே நைட்ரஜன் நிரப்பியிருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நைட்ரஜன் இருக்கும் டயரில் சாதாரணக் காற்றைக் கலந்தால் கெடுதல் என்று ஒரு வதந்தி உலவுகிறது. இதை நம்பி, டயர் தளர்ந்திருப்பது தெரிந்தும், அருகிலுள்ள பங்கில் காற்று இருந்தும், "நைட்ரஜன் கிடைக்கும் இடத்தில் பார்த்துக்கொள்ளலாம்" என்று 40, 50 கிலோமீட்டர் ஓட்டிச் செல்கிறவர்களை நாம் அறிவோம். அந்த வதந்தியில் அணுவளவும் உண்மை இல்லை. உள்ளே முக்கால் பங்குக்கு மேல் இருப்பதும் நைட்ரஜன், வெளியே காற்றில் முக்கால் பங்குக்கு மேல் இருப்பதும் அதே நைட்ரஜன். இரண்டும் எந்த விகிதத்தில் கலந்தாலும் டயருக்கு ஒன்றும் நேராது. பச்சை மூடியைக் கழற்றி, முதலில் எதிர்ப்படும் பங்கில் சாதாரணக் காற்றையே பிடித்து, சீட்டில் கண்ட அளவுக்கு உயர்த்திக்கொண்டு மேலே போகலாம்.